பாதியில் நின்ற முள்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி மனைவி, உன் லாரி ஆகிய மூவரில் இருவர் நலமாக இருக்கிறோம். மூன்றாமவரின் உடல்நிலையைத்தான் இந்தக் கடிதத்தில் விவரிக்கப் போகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் என்ற முறையில் படிக்கட்டைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இதையெல்லாம் போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "விஷயத்துக்கு வா" என்பாய். இந்தத் தடவை விஷயத்துக்கு வர எனக்குக் கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது அக்கா. பொறுத்துக்கொண்டு படி.

அத்தான் போய் ஏழு மாதம் கழித்து, நீ குடிபோன மாடி வீட்டில் லாரி நிறுத்த இடமில்லை என்று அதை என் வீட்டை ஒட்டிய காலி மனைக்கு இழுத்து வரச் செய்தாய். அப்போது நீ என்னிடம் கேட்டது இரண்டே இரண்டுதான். "வண்டி ஓடணும். மீட்டர்ல மட்டும் கை வைக்காத. அவர் தினம் பாத்த முள்ளையெல்லாம் பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு தடவை நான் பாக்கணும்." நானும் "அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டேன். அக்கா, எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. சைக்கிளிலேயே இடது பக்கம் திரும்பத் தயங்குகிறவன். முப்பத்து நான்கு வருஷத்தில் மேலே போயிருக்கிறேன், கீழே வந்திருக்கிறேன், முன்னே போனதே கிடையாது. அப்படிப்பட்டவன் "அவ்வளவுதானே" என்று சொன்னபோதே நீ சுதாரித்திருக்க வேண்டும்.

முதலில் பேட்டரி செத்துக் கிடந்தது. அத்தானின் லாரி பழைய காலத்துப் பிறவி, அதற்கு ஆறு வோல்ட் பேட்டரிதான். கடைக்குப் போய் ஆறு வோல்ட் வேண்டும் என்றேன். கடைக்காரர் முகமெல்லாம் கனிவாகி, "பேரனுக்கா? பொம்மைக் காருக்குத்தானே?" என்றார். "இல்லீங்க, லாரிக்கு" என்றேன். அவர் உள்ளே திரும்பி, "இங்க வாங்கப்பா, ஒருத்தர் லாரிக்கு ஆறு வோல்ட் கேக்குறார்" என்று குரல் கொடுக்க, மூன்று பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கடையில் இல்லை, அடுத்த கடையில் இல்லை, அதற்கடுத்த கடையில் அப்படி ஒன்று இருந்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு புண்ணியவான்தான், "அந்தக் காலத்து வண்டின்னா அரைவாட்டைப் போய்ப் பாருங்க" என்று வழி காட்டினார்.

அரைவாட் என்பது ஒரு எலக்ட்ரீஷியன். பேசினால் மின்சாரம் செலவாகும் என்பதுபோல் பேசுவார், அதனால் அந்தப் பெயர். மடக்கு நாற்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார், லாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார், அரைமணி நேரம் அதைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள். பிறகு, "ஆறு இனி கிடைக்காது. பன்னெண்டுக்கு மாத்தணும்" என்றார். பேட்டரி மட்டுமா என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார்: டைனமோ, காயில், பல்பு, ஹாரன், வைப்பர். அதுமட்டுமில்லை, இந்த லாரியில் பாசிட்டிவைத்தான் இரும்புச் சட்டத்தில் கட்டியிருக்கிறார்களாம். இப்போதெல்லாம் நெகட்டிவைத்தான் கட்டுவார்களாம். ஆகவே எல்லாம் தலைகீழாக வேண்டுமாம். "மீட்டர் மட்டும் பழசே இருக்கணும், எங்க அக்கா கண்டிப்பா சொல்லியிருக்காங்க" என்றேன். அப்போதுதான் அவர் வாழ்நாளின் நீளமான பேச்சைப் பேசினார். "பன்னெண்டு நேராப் போச்சுன்னா மீட்டர் கருகிடும். ஆறுதான் அதுக்குப் பழக்கம். நடுவுல சின்னப் பெட்டி ஒண்ணு வச்சு, குறைச்சுக் குறைச்சுக் குடுக்கணும். பல்லு போனவங்களுக்கு மசிச்சு ஊட்டுற மாதிரி." இதைச் சொன்ன களைப்பில் அடுத்த இரண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் முதல் வேலையாக மீட்டர்களின் வயரையெல்லாம் கழற்றி, நான்கையும் வெளியே எடுத்துத் துணியில் சுற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த மனிதருக்கு நீ கடமைப்பட்டிருக்கிறாய். ஏன் என்று சொல்கிறேன்.

புதுப் பேட்டரி வந்து இறங்கியது. "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்நாள் முழுக்கப் பொத்தானை அழுத்தியே சோறு தின்றவனிடம் போய்த் தொடாதே என்றால் என்ன ஆகும்? மறுநாள் காலை பத்து மணிக்கு, அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துவோம் என்ற நல்ல எண்ணத்தில் பேட்டரியைத் தூக்கி வைத்து வயரை மாட்டி விளக்கைப் போட்டேன். பல்பெல்லாம் இன்னும் பழைய ஆறு வோல்ட் பல்புதான் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. அக்கா, அத்தான் காலத்தில் மஞ்சள் காமாலை வந்த கண் மாதிரி எரியுமே அந்த முன்விளக்கு, அது வைரமாக ஜொலித்தது. "ஓடி வா, ஓடி வா" என்று உன் தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் டப், டப், டப் என்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன. சரி, ஹாரனாவது வேலை செய்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டினேன். வேலை செய்தது. நிற்கத்தான் இல்லை. கையை எடுத்தும் கதறுகிறது, காலால் உதைத்தும் கதறுகிறது. பதற்றத்தில் எந்தப் பொத்தானை இழுத்தேனோ, வைப்பர் கிளம்பிவிட்டது. கிழவி மாதிரி அசைந்துகொண்டிருந்த வைப்பர் அது. இரண்டு மடங்கு மின்சாரம் ஏறியதும் சிலம்பம் சுற்ற ஆரம்பித்து, ஒரு கை கழன்று பறந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த உன் தம்பி மனைவியின் புதுப்புடவையில் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். தீயைத் தேடினார், கிடைக்கவில்லை; கொண்டுவந்ததை வீணாக்கக்கூடாதென்று என் தலையில் ஊற்றிவிட்டார். பேட்டரி வயரைப் பிடுங்கியது உன் தம்பி மனைவிதான். அதற்குப் பிறகு வந்த அமைதியில் அவள் சொன்னாள்: "லிஃப்ட்டுக்கு எதுக்கு நாலு பக்கமும் சுவர் வச்சாங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

அரைவாட் வந்து பார்த்தார். கருகிய பல்புகளைக் கையில் உருட்டினார். கொடியில் தொங்கிய வைப்பரைப் பார்த்தார். "மீட்டர் எங்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த மூணு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன், ஏற்கெனவே சேற்றில் உட்கார்ந்திருந்ததால் விழவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் என் வேலை டார்ச் பிடிப்பது மட்டும்தான். அவர் டைனமோவை இறக்கி ஆல்டர்னேட்டரை ஏற்றினார். உளுத்துப்போன வயர்களை உருவிப் புதிதாக ஓட்டினார். தீப்பெட்டி அளவு ஒரு சின்னப் பெட்டியை டேஷ்போர்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி வைத்தார். மீட்டர்களை ஒவ்வொன்றாகத் துணி பிரித்து, துடைத்து, பழைய இடத்திலேயே பொருத்தினார். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற மீட்டருக்கு மின்சாரமே வேண்டாமாம். சின்னக் குழாய் வழியாக எண்ணெயே வந்து சொல்லிவிடுமாம். சூடு காட்டுகிற முள் இரண்டு தடவை தூக்கத்தில் உளறி, அப்புறம் விழித்துக்கொண்டது. மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற ஆம்பியர் மீட்டர்தான் என் உயிரை எடுத்தது. என்ஜின் ஓடுகிறது, பேட்டரி ஏற வேண்டும், முள்ளோ இறங்குகிறது என்கிறது. "போச்சு, எல்லாம் இறங்குது" என்று நான் கத்த, அவர் நிதானமாகப் பின்னால் இரண்டு வயரை இடம் மாற்றிப் போட்டார். முள் இந்தப் பக்கம் வந்தது. "அது சரியாத்தான் சொல்லிச்சு. நாமதான் மேல் கீழாக்கிட்டோம்" என்றார்.

என்ஜின் ஓடியது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன் இல்லையா? அந்தச் சத்தம் கேட்டதும் உன் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டாள். "உங்க அத்தான் வந்துட்டாரோன்னு ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தவள் மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நானும் டார்ச்சைச் சரிபார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன்.

மிச்சம் இருந்தது ஒரே மீட்டர். பெட்ரோல் மீட்டர். அக்கா, இனிமேல் விஷயம். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்.

அரைவாட் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் பாதியில் நின்றது. "பாதி டேங்க் இருக்கு போல" என்றேன். "இதுக்கு இன்னும் வயரே குடுக்கல" என்றார். தலைகீழாகப் பிடித்தார். பாதி. குலுக்கினார். பாதி. கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தை நெம்பி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். முள்ளின் அடியில், கடுகளவுக்கு ஒரு ஈயப் பொட்டு. முள்ளை யாரோ பாதியில் நிறுத்தி, ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

"பழகின கை. ஒரு சொட்டு வழியல" என்றார் அரைவாட்.

"எங்க அத்தான் எதைச் செஞ்சாலும் அப்படித்தான்" என்றேன்.

அவர், "வண்டில குச்சி கிச்சி ஏதாவது இருந்துதா?" என்று கேட்டார். இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கை நீளத்துக்கு, வழவழவென்று, நான்கு வெட்டுப் போட்ட ஒரு குச்சி. குப்பை என்று நினைத்து வெளியே போட்டேன். உன் தம்பி மனைவி அதைத் தொட்டியில் துவண்டு கிடந்த ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தேன். அரைவாட் அதைத் துடைத்து டேங்க்கில் விட்டுப் பார்த்தார், பிறகு வெளியிலிருந்து டேங்க்கை அளந்தார். இரண்டாவது வெட்டு மிகச் சரியாகப் பாதி டேங்க். அந்த வெட்டுக்குக் கீழே குச்சி முழுக்கக் கருத்துப்போயிருந்தது. எத்தனை ஆயிரம் தடவை பெட்ரோலில் நனைந்த கருப்பு அது!

அக்கா, முப்பத்தொரு வருஷமாக நாம் யாரும் வாய்விட்டுப் பேசாத நாளைப் பற்றி இப்போது எழுதுகிறேன். உன் பாப்பாவுக்கு நாலு வயது. மூச்சு வாங்குகிறது, லாரியில் கொண்டுவருகிறோம் என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாய். நான் லிஃப்டைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். யார் வந்தும் ஏற்றவில்லை. ஒரு பெரிய டாக்டரைக்கூடப் படியேறிப் போகச் சொன்னேன். அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. நீங்கள் நடந்து வந்தீர்கள். அத்தான் பாப்பாவைத் தோளில் போட்டிருந்தார், நீ செருப்பில்லாமல் பின்னால் வந்தாய். வழியில் பெட்ரோல் தீர்ந்து லாரி நின்றுவிட்டதாம். மூன்றாவது மாடிவரை அவர் என்னிடம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்: "முள்ளு பாதி காட்டுச்சு மச்சான். பாதி காட்டுச்சு." பாப்பா வழியிலேயே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் கை என் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் பொத்தானை அழுத்தினேன். அந்த வேலையில் நான் போன மிக நீளமான பயணம் அந்த மூன்று மாடி.

அதற்குப் பிறகு நீ அந்த லாரியில் ஏறும்போதெல்லாம் முதலில் மீட்டரைப் பார்ப்பாய். "பாதி இருக்கா?" என்பாய். "இருக்கு" என்பார். அப்புறம்தான் கதவைச் சாத்துவாய். எத்தனை தடவை நான் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன்! அந்த முள் ஒட்டவைத்த முள் என்று இப்போது தெரிகிறது. உன் பயத்தைத் தீர்க்க வழி தெரியாமல் அத்தான் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார். உன்னை ஏமாற்றினார் என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குச்சியைப் பார்த்த பிறகு கோபப்பட முடியவில்லை. பொய்யான ஒரு முள்ளை வைத்துவிட்டு, அது பொய்யாகிவிடாமல் இருக்க முப்பது வருஷம் தினம் காலையில் குச்சிவிட்டுப் பார்த்து, பாதிக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர். அவரை மன்னித்துவிடு அக்கா.

அடுத்தபடியாக என்னையும் மன்னிக்க வேண்டும். அரைவாட் கேட்டார், "ஒட்டினபடியே விடவா, ஓட வைக்கவா?" உன் தம்பி மனைவி, "அண்ணி பாக்கணும்னு சொன்னது அந்த முள்ளைத்தானே? அப்படியே விடுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. பொய் முள்ளை நம்பி நம் வீட்டில் ஒரு தடவை கிளம்பியது போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஈயத்தை உருக்கி எடுத்தார், உள்ளே இற்றுப்போயிருந்த கம்பியைச் சரிசெய்தார், டேங்க்கில் மிதக்கும் பந்தையும் மாற்றினார். முள் இப்போது உள்ளதைச் சொல்கிறது. கை வைக்காதே என்றாய், வைத்துவிட்டேன். இனி அந்த லாரியில் ஏற உனக்கு மனமில்லை என்றால் புரிந்துகொள்வேன். யாராவது நல்ல ஆள் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே. உன் தம்பி மனைவி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். புடவையைப் பற்றியும் சொல்லச் சொன்னாள், ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எங்களுக்கு மூத்தவளாக இருந்து, தூரத்திலிருந்தே எங்களை வாழ்த்திக்கொண்டிரு.

என்றும் உன் சொல் கேளாத,
தம்பி

பி.கு.: மேலே எழுதியிருப்பதில் அத்தானைப் பற்றியும் உன்னைப் பற்றியும் உள்ளவற்றை அடித்துவிட்டுப் படி. நான் தபால்தலை வாங்கப் போயிருந்தபோது உன் தம்பி மனைவி இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனைக் கையில் திணித்தாள். நீ சொன்னதை உனக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும் போலிருக்கிறது.

"மன்னிக்கிறதாவது! அதை ஒட்டினது நான்தான்டா" என்றாய்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ ஆறு வருஷம் ரேடியோ கம்பெனியில் சூட்டுக்கோல் பிடித்தவள் என்பதை நான் எப்படி மறந்தேன் அக்கா?

"பாப்பா போனதுக்கப்புறம் அவர் மீட்டரை ரிப்பேர் பண்ணிட்டாரு. ஆனா முள்ளு கொஞ்சம் ஆடினாலும் வண்டியை ஓரம் கட்டிடுவார். இறங்கி டேங்க்கைத் தெறந்து வச்சுட்டு அப்படியே நிப்பார். ஒரு நாள் சந்தைக்குப் போய் வர்றதுக்குள்ள பதினோரு தடவை நிறுத்தினார்டா. மறுநாள் அவர் குளிக்கப் போனப்ப கழட்டி, பாதியில வச்சு ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் ஏறும்போதெல்லாம் நான் கேட்டது அவருக்காகத்தான். நான் கேட்டு, 'இருக்கு'ன்னு அவர் வாயால சொன்னாத்தான் வண்டி நகரும்."

"அத்தானுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம இருக்குமா? ரெண்டு நாள் ஓட்டினா தெரிஞ்சிடும். ஒரு வார்த்தை கேக்கல. மூணாம் நாள் காலையில வாசல்ல உக்காந்து ஒரு குச்சியைச் செதுக்கிட்டிருந்தார். எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா முள்ளைப் பத்திப் பேச வேண்டி வரும். அப்புறம் பாப்பாவைப் பத்திப் பேச வேண்டி வரும்."

உன் முள்ளை நான் உருக்கி எடுத்துவிட்டேனே என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"சரி, இப்ப எங்க நிக்குது?"

உன்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு லாரிக்கு ஓடினேன். சாவியைத் திருப்பினேன். முள் மெதுவாக எழுந்து, கொஞ்சம் ஆடி, நின்றது.

"கால், அக்கா. அதுக்கும் ஒரு நூல் கீழே."

"பெட்ரோல் போட்டு வை" என்றாய். "வெள்ளிக்கிழமை வர்றேன்."